காமிக்ஸ் நாயகர்களைத் திரைக்குக் கொண்டுவருவதில் உண்மையான சிக்கல் எது?

பக்கம்புரட்டி எழுதியது:

சூப்பர் ஹீரோ படம் ஒன்று சரியாக அமையாதபோதெல்லாம் கிராஃபிக்ஸ் போதவில்லை, உடை பொருந்தவில்லை என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். என் கருத்து வேறு. சித்திரக்கதையில் காலம் வாசகரின் விரலில் இருக்கிறது. திரையரங்கில் அது இயக்குநரின் பிடியில் இருக்கிறது. மற்றச் சிக்கல்களைப் பணத்தாலும் தொழில்நுட்பத்தாலும் தீர்த்துவிடலாம். இதைத் தீர்க்க முடியாது.

1973-இல் வெளிவந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121-ஆம் இதழை எடுத்துக்கொள்வோம். பாலத்தின் உச்சியிலிருந்து வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைத் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வீசிய வலை அவள் காலைப் பற்றிக்கொள்கிறது. அவளை மேலே இழுத்தபடியே அவன் தன் திறமையை மெச்சிக்கொள்கிறான். அவள் உயிரோடு இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கும் நமக்கும் தெரிகிறது. அதிர்ச்சியில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், வலை பற்றிய அந்தச் சித்திரக் கட்டத்திலேயே, அவள் கழுத்தருகே, எலும்பு முறியும் ஓசையைக் குறிக்கும் சின்னஞ்சிறு எழுத்துகள் இருக்கின்றன. முதல் வாசிப்பில் அவை என் கண்ணில் படவே இல்லை. காப்பாற்ற வீசிய வலையே அவளைக் கொன்றதோ என்ற ஐயம், நானே தேடிக் கண்டுபிடித்ததாக இருந்ததால்தான் அத்தனை வலித்தது. 2014-ஆம் ஆண்டுப் படத்தில் இதே மரணம் கடிகாரக் கோபுரத்துக்குள், வேகம் குறைக்கப்பட்ட காட்சியாக, ஒவ்வொரு கணமும் சுட்டிக்காட்டப்பட்டு நிகழ்கிறது. பார்வையாளர் கண்டுபிடிக்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

இரவுக்காட்சி எழுதியது:

நண்பரின் கருத்தை நான் ஏற்கவில்லை. அதே காட்சியில் வலையின் நுனி விரிந்து, ஒரு கையைப் போல அவளை நோக்கி நீள்வதை அவர் ஏன் குறிப்பிடவில்லை? சினிமா தன் மொழியில் சொன்னது அது. அந்தக் காட்சியில் நான் கண் கலங்கினேன்.

சிக்கல் காலத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது. ஓவியர் வரையும் முகமூடியில் வெள்ளைக் கண்கள் கோபத்தில் சுருங்கும், வியப்பில் விரியும். துணியும் ரப்பரும் அப்படிச் செய்யா. 1989-இன் பேட்மேன் படத்தில் மைக்கேல் கீட்டன் அணிந்த உடையில் கழுத்தைத் திருப்ப இயலாததால், பக்கவாட்டில் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. 2008-இன் பேட்மேன் படத்திலோ, தலையைத் திருப்ப முடிகிற உடை வேண்டும் என்று நாயகனே கேட்கிறான். காமிக்ஸில் மஞ்சள் உடையில் திரிந்த எக்ஸ்-மென் நாயகன் வுல்வரினுக்கு 2000-ஆம் ஆண்டுப் படத்தில் கறுப்புத் தோலாடை மாட்டினார்கள். அவனாக நடித்த ஹியூ ஜேக்மன் அந்த மஞ்சளை அணிந்து படம் முழுக்க நடிக்க 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2002-ஆம் ஆண்டு ஸ்பைடர்மேன் படத்தில் நாயகனும் கிரீன் காப்ளினும் கூரை மேல் பேசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அசையாத இரண்டு முகமூடிகள் எதிரெதிரே இருக்கின்றன. குரலைத் தவிர நடிப்பு எதுவும் நம்மை வந்து சேரவில்லை. அதே இயக்குநர் சாம் ரெய்மி 2004-இல் பாடம் கற்றிருந்தார். ஓடும் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுபவனைப் பயணிகள் தலைக்கு மேலே ஏந்திச் செல்லும்போது, முகமூடி இல்லாத அந்த இளம் முகத்தை அவர்கள் பார்க்கிறார்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த உணர்வு எனக்குக் கிடைத்ததில்லை.

பக்கம்புரட்டி எழுதியது:

ரயில் காட்சியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அடுக்கிய உடைச் சிக்கல்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டதை நீங்களே காட்டிவிட்டீர்கள். தீராததைச் சொல்கிறேன். எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் 1986-87-இல் 12 இதழ்களாகப் படைத்த ‘வாட்ச்மென்’ பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள் என்ற சட்டகத்தில் அமைந்தது. அதன் ஐந்தாம் இதழ் முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றையொன்று ஒத்திருக்குமாறு கட்டப்பட்டது. முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்தில் திரும்ப வரும், நடுவில் இரண்டு பக்கங்கள் எதிரெதிராக விரியும். 2009-இல் வந்த படம் பல கட்டங்களை அப்படியே காட்சியாக்கியது. ஆனாலும் இந்தச் சமச்சீரைத் திரையில் ஒருவரும் உணர முடியாது, ஏனென்றால் கடந்துபோன காட்சியையும் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியையும் அருகருகே விரித்துவைக்க அங்கே தாள் இல்லை. இயக்குநர் ஆங் லீ 2003-இன் ‘ஹல்க்’ படத்தில் திரையையே கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தார். துணிச்சலான முயற்சிதான், ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் அசையும்போது எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது.

மாயாவி வாசகி எழுதியது:

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவள் நான். நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். காமிக்ஸ் முடிவதில்லை, படம் முடிந்தாக வேண்டும். 1940-இல் பேட்மேன் முதல் இதழில் அறிமுகமான வில்லன் ஜோக்கர் இன்றுவரை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறான். 1989-இன் படம் இரண்டு மணி நேரத்தில் அவனைக் கொன்று கணக்கை முடித்தது.

தொடக்கமும் அப்படித்தான். பேட்மேன் 1939-இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழில் தோன்றினான். பெற்றோர் கொலையுண்ட கதை 33-ஆம் இதழில், அதுவும் இரண்டே பக்கங்களில் சொல்லப்பட்டது. அதுவரை இவன் ஏன் முகமூடி அணிகிறான் என்று தெரியாமலேயே வாசகர்கள் ஆறு மாதம் மகிழ்ச்சியோடு படித்திருக்கிறார்கள்! திரைப்பார்வையாளருக்கு அந்தப் பொறுமை இருக்காது என்று தயாரிப்பாளர்கள் ஏன் முடிவுகட்டுகிறார்கள்? பெற்றோர் கொலையாகும் அந்தச் சந்தில், தாயின் கழுத்திலிருந்து அறுந்து சிதறும் முத்துமாலையைப் படத்துக்குப் படம் எத்தனை முறைதான் பார்ப்பது?

இரவுக்காட்சி எழுதியது:

அம்மா சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். பல ஸ்பைடர் நாயகர்கள் ஒன்றுசேரும் 2018-இன் ‘ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படம், புதியவனான மைல்ஸைத் தவிர மற்ற ஒவ்வொருவரின் பூர்வ கதையையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தது. அதோடு பக்கம்புரட்டியின் வாதத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. காமிக்ஸ் தாளில் தெரியும் அச்சுப் புள்ளிகளையும் ஓசை எழுத்துகளையும் திரைக்குக் கொண்டுவந்ததோடு நிற்காமல், காலத்தையே அவர்கள் கையாண்டார்கள். காட்டில் மைல்ஸும் அனுபவமிக்க ஸ்பைடர்மேனான பீட்டரும் வலையில் தாவும் இடத்தில், பீட்டரின் அசைவு நொடிக்கு 24 படங்களாகவும், இன்னும் பழகாத மைல்ஸின் அசைவு 12 படங்களாகவும் இருக்கும். அவன் தடுமாற்றம் அந்த இடைவெளியிலேயே தெரிந்துவிடுகிறது. எந்தத் தாளிலும் இதைச் செய்ய இயலாது.

பக்கம்புரட்டி எழுதியது:

அந்தக் காட்டுக் காட்சியை நானும் நேசிக்கிறேன். திரைக்குக் காலத்தைக் கையாளத் தெரியாது என்ற பொருளில் நான் எழுதியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்திலும் ஓசை எழுத்துகள் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதை அதைப் படைத்தவர்களே தீர்மானித்தார்கள். 121-ஆம் இதழில், க்வென்னின் கழுத்தருகே இருந்த அந்த எழுத்துகளின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நான் தீர்மானித்தேன். அதை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.