எண் சொல்லி அழைத்த வகுப்பு

பள்ளியில் திருநர் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி மூவர் பேசிக்கொண்டவை.

தமிழாசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

2018இல் என் பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. (அவன், அவள் என்று பிரிக்காத 'பிள்ளை' என்ற சொல் எத்தனை வசதி!) காலை வணக்கக் கூட்டத்தில் முடி நீளமாக வளர்த்த பையன்களைத் தனியாக நிறுத்துவார்கள், அந்த வரிசையில் வாரம் தவறாமல் நிற்கும். வெட்டிக்கொண்டு வந்தால் அன்று முழுக்க மேசையில் தலை கவிழ்த்துப் படுத்திருக்கும்.

இலக்கணத்தில் திணை, பால் நடத்திய நாளில் அது எழுந்து, "பால் ஐந்துதானா, தமிழம்மா?" என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. பாடப்புத்தகத்தை மூடிவிட்டு நன்னூலுக்குப் போனேன். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பும் பேடு பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவது ஆண்பால் என்கிறார் பவணந்தியார். இவ்விரண்டும் அஃறிணை போலவும் வரும் என்று அடுத்த அடி சொல்கிறது. அதை மட்டும் அன்று விழுங்கிவிட்டேன். இலக்கணத்துக்குச் செய்த துரோகம்தான், வருத்தமில்லை.

மணி அடித்த பிறகு வந்து, தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னது. பதிவேட்டில் அதை எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. மறுநாளிலிருந்து வகுப்பு முழுவதையும் வரிசை எண் சொல்லி அழைத்தேன். வேறு யாருக்கும் காரணம் தெரியாது. பதினேழு என்றதும் "உள்ளேன் அம்மா" என்று வரும் குரல் அதன் பிறகு கொஞ்சம் உரக்க வந்தது.

ஆனாலும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்ததாம், கழிப்பறைக்குப் போகப் பயந்து. பக்கத்தில் உட்காரும் மாணவி பிறகு சொன்னாள். தினமும் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

திருநங்கை, சென்னை:

உங்கள் மாணவிக்குப் பதினோராம் வகுப்பு வரையாவது வாய்த்தது. நான் ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றேன். எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது. 'ஒன்பது' என்பதே எனக்கு வைத்த பட்டப்பெயர். கணக்கு ஆசிரியர் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பும். அவரும் சேர்ந்து சிரித்தார் என்பதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன்.

ஒரு திருநம்பியின் அப்பா, கோவை:

பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணரும் பிள்ளை என் மகன். எங்கள் வீட்டில் சண்டை இரட்டைச் சடையில் தொடங்கியது. ஒரு நாள் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டான். எனக்குக் கோபம் தணிய ஒரு மாதம் ஆனது, மறைப்பானேன். என் மைத்துனர், 'சரிசெய்து விடுகிற' மருத்துவர் ஒருவரைத் தெரியும் என்றார். பாலின அடையாளத்தை மாற்ற முயலும் சிகிச்சையைத் தடைசெய்து 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உயர் நீதிமன்ற உத்தரவை அச்சடித்து அவர் முன் வைத்தேன். பேச்சு நின்றது. உறவும் கொஞ்ச நாள் நின்றது.

பிறகு 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். பதினெட்டு வயது ஆகாததால் பெற்றோரான நாங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது உடற்பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. பள்ளியில்தான் இழுத்தடித்தார்கள். கடைசியில் தலைமையாசிரியர் கால்சட்டைக்கு ஒப்புக்கொண்டு, ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்தவும் அனுமதித்தார்.

தமிழாசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

ஐயா, அந்தக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் எல்லோர் முன்னாலும் போய்க் கேட்டு வாங்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது.

ஒரு திருநம்பியின் அப்பா, கோவை:

முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது, அம்மா. அவன் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை. பிறகு இன்னொரு சாவி செய்து கொடுத்தார்கள். இப்போது அது அவனுடைய பென்சில் டப்பாவில் இருக்கிறது.