குடிகார அப்பாவின் வீட்டில் வளர்ந்தது இப்போது இரத்த அழுத்தமாக வருமா?

மலைக்காரி:
வயது 43. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தேன். இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறேன். ஒல்லியான உடம்பு, ஊறுகாய்கூடத் தொடுவதில்லை. ஆனாலும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். நடு இரவில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. பக்கத்து வீட்டில் கதவை ஓங்கிச் சாத்தினாலும் எனக்கு வயிறு சுருண்டுகொள்கிறது.

அப்பாவுக்குச் சனிக்கிழமை சம்பளம். லைன் முனையில் அவர் இருமும் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அம்மாவை அடிப்பார், குறுக்கே போனால் எனக்கும் விழும். தம்பியை இழுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் ஓடி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். மார்கழிப் பனியில் அவனுக்குப் பல் கிட்டும். இரண்டாம் வகுப்போடு அம்மாயி அவனை வாழப்பாடிக்கு அழைத்துப் போய்விட்டார். அவனுக்கு இன்றுவரை ஒரு நோயும் இல்லை. அப்பா இறந்து பல ஆண்டுகளாகின்றன, பழைய கதையைக் கிளறாதே என்கிறான்.

“வீட்டில் யாருக்காவது பிரஷர் உண்டா?” என்று மட்டும்தான் டாக்டர் கேட்டார். மற்றதையும் சொல்ல வேண்டுமா?

தறிக்காரர், அம்மாபேட்டை:
அம்மணி, நம் தலைமுறையில் அடி வாங்காதவர் யார்? எங்கள் அப்பா பீடிகூடத் தொட்டதில்லை. தறிக்குழியில் கால் வைத்தே காலம் கழிந்தது, எனக்கும் பிரஷர் இருக்கிறது. எல்லாவற்றையும் பெற்றவர் தலையில் கட்டினால் எப்படி?

ஓய்வுபெற்ற செவிலி:
தறிக்காரர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

1985 வாக்கில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்குச் சிகிச்சை நடத்தி வந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றார்கள். துருவிக் கேட்டபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். 1998இல் வந்த முதல் கட்டுரையில் 9,508 பேரின் பதில்கள் இருந்தன. அடி, வசவு, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்ப்பது போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு மது அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு. பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். ஏழைகளின் பிரச்சினை என்று யாரும் ஒதுக்க முடியாது.

இரத்த அழுத்தத்துக்கே தனி ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சிறுவர்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். இத்தகைய கொடுமைகள் பலவற்றை அனுபவித்தவர்களுக்கு 30 வயதுக்கு மேல் அழுத்தம் வேகமாக ஏறியது. 2015இல் வெளிவந்தது.

காரணம் மந்திரமில்லை. ஆபத்து என்றால் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து, இதயம் வேகமெடுத்து, இரத்தக்குழாய் இறுகும். ஆபத்து போனதும் அடங்க வேண்டும். இருமல் சத்தத்துக்கே காது தீட்டி வளர்ந்த குழந்தைக்கு அது சரியாக அடங்குவதில்லை. உன் வயிறு சுருள்வது அதுதான். (மகள் வயது, அதனால் நீ என்கிறேன்.)

ஆனால் இது கூட்டத்தின் கணக்கு, உன் ஜாதகமில்லை. தனி ஒருவருக்கு இந்தக் கொடுமைகளின் எண்ணிக்கையைப் பரிசோதனைபோலப் போடக் கூடாது என்று 2020இல் ஆண்டாவே எழுதினார். தம்பிக்கு அம்மாயி கிடைத்தார்; நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இருந்தால் பாதிப்பு குறைகிறது. அவன் உடம்பைக் காட்டி உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கண்ணு, டாக்டரிடம் சொல். மாத்திரையை நிறுத்தாதே. ஒல்லியானவருக்கு இந்த வயதில் அழுத்தம் என்றால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்தார்களா என்று கேள். எல்லாம் அப்பாவால் என்று முடிவு கட்டி அதை விட்டுவிடக் கூடாது. தூக்கத்துக்கும் பயத்துக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தறிக்காரர்:
தாய் அடிபடுவதைப் பார்ப்பதும் கணக்கில் வருகிறதா? எங்கள் தெருவில் அதை யாரும் கணக்கிலேயே எடுத்ததில்லை.

மலைக்காரி:
சிறுநீரகம் யாரும் பார்க்கவில்லை, கேட்கிறேன். ஆனால் டாக்டர் அறையில் கதவுக்குப் பதில் திரைச்சீலை. வெளியே எங்கள் தெரு ஆட்கள். எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலி:
வாயால் சொல்லாதே. “சிறுவயதில் வீட்டில் குடியும் அடியும் இருந்தது. இப்போது தூக்கமில்லை, சத்தம் கேட்டால் உடம்பு பதறுகிறது” என்று எழுதி மருந்துச் சீட்டோடு நீட்டு. படித்துவிட்டு அவரே கேட்பார். கேட்காமல் மடித்து வைத்தால் வேறு டாக்டரைப் பார்.