பழைய ஃபஸ் ஃபேஸ் பெடல், மத்தியானத்தில சத்தம் செத்துப்போகுது

கிளிநொச்சிப் பெடியன்:
வணக்கம் அண்ணைமார். லண்டனில இருக்கிற சித்தப்பா ஊருக்கு வரேக்க தன்ர பழைய ஃபஸ் ஃபேஸ் பெடலை (கிற்றார் சத்தத்தைக் கரடுமுரடா இரைய வைக்கிற, காலால அமத்திற பெட்டி) கொண்டுவந்து என்னட்டத் தந்திட்டுப் போயிட்டார். சாம்பல் நிறம், வட்டமா, மேல டலஸ் ஆர்பிற்றர் எண்டு கொம்பனிப் பேர் கிடக்கு. கழட்டிப் பாத்தா சின்னத் துண்டு போர்ட், இரண்டு றான்சிஸ்டர், அதில என்.கே.ரி 275 எண்டு எழுதியிருக்கு. காலமையில நல்லா இரையுது, மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழ வச்சு வாசிச்சா விக்கி விக்கி வருது, நோட் இழுபடாமல் டக்கெண்டு நிக்குது, பொழுதுபட்டாப் பிறகு திருப்பிச் சரி. பற்றறி கிளிப்பில பச்சையா ஊத்தை பூத்துக் கிடக்கு, வொலியூமைத் திருப்பினா கரகரக்குது. ரவுணில ஒரு கடையில காட்டினன், உள்ளுக்க இருக்கிற எல்லாத்தையும் மாத்தி அடப்ரருக்கு ஒரு ஓட்டையும் போட்டுத் தாறம் எண்டினம். எனக்கு மனம் வரேல்லை. என்ன செய்யலாம்?

மல்லாவி றேடியோ:
தம்பி, குடுத்துப்போடாதேங்கோ. உதின்ர வருத்தம் வெயில். என்.கே.ரி 275 ஜெர்மேனியம் சாமான், சூடு ஏற ஏற உள்ளுக்க தன்ரபாட்டில கறண்ட் ஒழுகும், பயஸ், அதுதான் றான்சிஸ்டர் சரியா வேலைசெய்ய நிக்கவேண்டிய வோல்ற் அளவு, குழம்பிப்போகும். 66ல லண்டனில வெளிவந்த டிசைன், வன்னி வெயிலை ஆர் அப்ப யோசிச்சவை. முதல்ல எல்லாப் பக்கத்தாலயும் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ, எந்த வயர் எங்க போகுதெண்டு தெரியவேணும். பிறகு புதுப் பற்றறி போட்டு இன்புட்டில கிற்றார் வயரைக் குத்துங்கோ, குத்தாட்டிப் பவர் வராது, அந்த ஜாக் தான் சுவிட்ச். மீற்றரின்ர கறுப்பு வயரைப் பெடலின்ர இரும்புப் பொடியில (வெளிக்கூட்டில) வச்சு சிவப்பை இரண்டாவது றான்சிஸ்டரின்ர கலெக்டர் எண்ட காலில வச்சா மைனஸ் நாலரை வோல்ற் மட்டில காட்டவேணும். மைனஸ் எண்டு பயப்பிடாதேங்கோ, உது பி.என்.பி வகை றான்சிஸ்டர், பற்றறியின்ர பொசிற்றிவ் பக்கம் தான் கிறவுண்ட், அதுதான் பொடியோட சேருறது. காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா அளந்து சொல்லுங்கோ.

ஊத்தைக்கு, ஒழுகினது அல்கலைன் பற்றறி எண்டா பஞ்சில தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைக்கலாம். பழைய கார்பன் பற்றறி எண்டா அது அசிட் பக்கம், அப்பச்சோடாத் தண்ணி தான் சரி. பிறகு ஸ்பிரிற் போட்டு நல்லாக் காயவிடுங்கோ. வொலியூமுக்குக் கொன்ராக்ற் கிளீனர், சைக்கிள் செயினுக்கு அடிக்கிற எண்ணெய் இல்லை.

வவுனியா பேஸ்காரன்:
அண்ணை சொல்லுறது சரி, ஆனா கப்பாசிற்றரையும் பாக்கவேணும், 2.2 மைக்றோஃபரட்டும் 20 மைக்றோஃபரட்டும் எலெக்றோலிற்றிக், உள்ளுக்க ஈரமான சாமான், அரை நூற்றாண்டில காயாமலோ இருக்கும்? மாத்திறதெண்டா நான் மாத்துவன்.

அடப்ரர் ஓட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டை போட்ட பொடியைத் திருப்பி அடைக்க ஏலாது, மற்றது உந்தப் பெடல் இழுக்கிறது ஒரு மில்லியம்பியருக்கும் கீழ, ஒரு பற்றறி எத்தினையோ மாசம் ஓடும். பொசிற்றிவ் கிறவுண்ட் பெடலை மற்றப் பெடலுகளோட ஒரே அடப்ரரில கொழுவினா ஷோர்ட் ஆகும், அது வேற வில்லங்கம். வாசிச்சு முடிய வயரைக் கழட்டுங்கோ, கனநாள் தொடாட்டிப் பற்றறியையும் எடுத்து வையுங்கோ.

மல்லாவி றேடியோ:
காய்ஞ்சிட்டுதெண்டு கண்ணால பாத்துச் சொல்லேலாது தம்பி. அதே அளவு புதுக் கப்பாசிற்றர் ஒண்டை, பிளஸ் மைனஸ் பாத்து, பழசுக்கு மேல குரக்கடைல் கிளிப்பால சும்மா கொழுவி வாசியுங்கோ. சத்தம் நல்லாத் தடிச்சா பழசு செத்துப்போச்சு, மாத்துங்கோ. வித்தியாசம் இல்லையெண்டா கை வைக்காதேங்கோ. மாத்தினாலும் கழட்டினதை ஒரு பையில போட்டு பெடலோடயே வையுங்கோ. ஈயம் வைக்கேக்க றான்சிஸ்டர் காலில ஒரு கிளிப்பைக் கவ்வவிடுங்கோ, சூடு அதில இறங்கும், ஜெர்மேனியம் கெதியாச் செத்துப்போற சாதி.

கிளிநொச்சிப் பெடியன்:
அளந்தன் அண்ணை. காலமை மைனஸ் 4.6, மத்தியானம் தகரத்துக்குக் கீழ மைனஸ் 7.1. கப்பாசிற்றர் கொழுவிப் பாத்தன், வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை. 8.2 கே ரெசிஸ்டரைக் கழட்டி றிமர், அதுதான் திருப்பி அளவு மாத்திற ரெசிஸ்டர், போடச் சொல்லி ஒராள் சொல்லுறார், போடவோ? துடைக்கேக்க பற்றறி கிளிப் வயரும் கையோட வந்திட்டுது, உள்ளுக்க செம்பு கறுத்துப்போய்க் கிடக்கு.

மல்லாவி றேடியோ:
றிமர் என்னத்துக்கு? காலமை சரியாத் தானே நிக்குது. மத்தியானத்துக்குச் சரிக்கட்டினா காலமை கெட்டுப்போகும். தகரத்தை விட்டிட்டு வேப்பமரத்துக்குக் கீழ போய் வாசியுங்கோ.

கிளிப்புக்குக் கடை தேடவேண்டாம். செத்த 9 வோல்ற் பற்றறியை உடைச்சா மேல இருக்கிற இரண்டு மூக்குத் தட்டு அப்பிடியே கழண்டு வரும், அதில வயரை ஈயம் வச்சாக் கிளிப் தான். பற்றறி கொண்டுவரவே தடை போட்டிருந்த சண்டைக் காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், உதெல்லாம் எறியிறேல்லை. ஆனா தட்டை மற்றப் பற்றறியில கொழுவேக்க பிளஸ்உம் மைனஸ்உம் இடம் மாறும், அதைக் கவனியுங்கோ. உங்கட பெடலில சிவப்பு வயர் தான் ஜாக்கால கிறவுண்டுக்குப் போறது, பிழையெண்டு நினைச்சு மாத்திப்போடாதேங்கோ. மீற்றரை வச்சுப் பாத்திட்டே கொழுவுங்கோ.