எங்கள் வீடு குழு: மாரி மழையும் பிள்ளையின் காலும்

அக்கா (வட்டக்கச்சி), இரவு 7.42
மகளின் கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருக்கிறது. மூன்று நாளாக விடாத மழை. சைக்கிளில் கிளிநொச்சி போய்ச் சேர்வதற்குள் வெள்ளைச் சப்பாத்து ஊறிவிடுகிறது. பள்ளிக்கூடம் விடும் மட்டும் அந்த ஈர மேஸோடுதான் (காலுறை) இருக்கிறாள்.

சின்னம்மா, 7.50
அது சேற்றுப்புண், பிள்ளை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் விரலாக விரித்துப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடு. தேய்க்காதே. நாலைந்து நாளில் மாறாவிட்டால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வா.

சின்னம்மா, 7.52
மருமகனுக்கும் சொல்லு. காலில் வெடிப்போடு வயலுக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அதற்குள்ளால் போய்விடும். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற தடுப்பு மாத்திரையை வாரம் தவறாமல் போடட்டும்.

அண்ணா (ஒஸ்லோ), 8.15
தங்கச்சி, இங்கே இன்று மைனஸ் 8. சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். வந்த புதிதில் குளிருக்குப் பயந்து இரண்டு மேஸ் போட்டேன். சப்பாத்து இறுகி, இரத்தம் ஓடாமல், விரல் இன்னும் மரத்துப்போனது. இப்போது ஒரே ஒரு கம்பளி மேஸ், ஒரு சைஸ் பெரிய சப்பாத்து. விரல் ஆட இடம் இருந்தால் உள்ளே நிற்கும் காற்றே சூட்டைக் காக்கும். ஆனால் நனைந்தால் எல்லாம் போச்சு. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துவிடும்.

அக்கா, 8.18
எங்களுக்குக் குளிர் பெரிதில்லை அண்ணா. ஈரம்தான்.

அண்ணா, 8.24
ஈரத்துக்கும் வழி இருக்கிறது. காலை நனைப்பது மழையைவிட முன்சில்லு வாரி அடிக்கிற தண்ணீர்தான். அவளுடைய மட்காட் பாதியோடு நிற்கும். அதன் கீழ் நுனியில் ஒரு ரப்பர் துண்டு தொங்கவிட வேண்டும், நிலத்துக்குக் கிட்ட வரைக்கும்.

நான், 8.27
செருப்போடு ஓடட்டும் அக்கா. சப்பாத்தையும் மேஸையும் ஒரு சிறு துவாயோடு சொப்பின் பையில் கட்டிப் புத்தகப்பைக்குள் வைத்துவிடு. பள்ளிக்கூடத்தில் காலைத் துடைத்துவிட்டுப் போடலாம். இன்று நனைந்த சப்பாத்துக்குள் பேப்பரைக் கசக்கித் திணி, படுக்கப் போகும் முன் மாற்று. அடுப்படியில் மட்டும் வைக்காதே, பசை விட்டுவிடும்.

சித்தப்பா, 8.40
2008 கார்த்திகை வெள்ளத்தில், இடம்பெயர்ந்து தருமபுரத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோது உங்கள் அம்மாவுக்கு இதே புண். காலைத் துடைக்க ஒரு காய்ந்த துணி இல்லை. அண்ணி நடக்க முடியாமல் சைக்கிள் கரியரில் இருந்துதான் வந்தார். பிள்ளைக்கு அது வேண்டாம். விடிய ஐந்தரைக்கு வருகிறேன், சைக்கிளை வெளியே எடுத்து வை.

அக்கா, மறுநாள் பிற்பகல் 2.20
[படம்]

அக்கா, 2.21
பெரிய மாமா, நான் அம்மாவின் போனில் எழுதுகிறேன். தாத்தா பழைய டியூப்பை வெட்டி நட் போட்டுப் பூட்டினார். நிலத்துக்கு நாலு விரல் உயரம். கிரவல் ஒழுங்கைச் சேறு முழுக்க அதில்தான் அப்பியிருக்கிறது, படத்தைப் பாருங்கள். மேஸ் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

சின்னம்மா, 2.30
நல்லது குஞ்சு. இரவைக்குக் கால் விரலையும் படம் எடுத்து அனுப்பு.