பொருள்: ‘வேக வில்லை’ வேண்டாம் – மாற்றுச் சொல் தேவை, வெள்ளிக்கிழமைக்குள்

திருச்சி, காட்சித் தொடர்பியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஒளிப்படக் கருவியின் வரலாற்றைத் தமிழில் பாடக்குறிப்பாக எழுதி வருகிறேன். அகலக்கோண லென்ஸ்கள் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்களில் நிற்கிறேன். எஃப்/1.4, எஃப்/2 என்று மிகுதியான ஒளியை உள்ளே விடும் லென்ஸ், தொழிலில் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’, இது முதலாவது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கூடுதல் இடம் விடும் ‘ரெட்ரோஃபோக்கஸ்’ அமைப்பு இரண்டாவது. விற்பனைக்கே வராமல் ஒன்றிரண்டு மட்டும் செய்து பார்க்கப்பட்ட ‘புரோட்டோடைப்’ மூன்றாவது.

லென்ஸை ‘வில்லை’ ஆக்கி, முதலாவதற்கு ‘வேக வில்லை’ என்று எழுதியிருந்தேன். தட்டச்சு செய்தவர் இடைவெளியை எடுத்துவிட்டார். ‘நிக்கான் 35 மி.மீ. வேகவில்லை’ என்று மெய்ப்பு வந்திருக்கிறது, சோறு வேகவில்லை என்பதுபோல. இடைவெளியைத் திரும்பப் போட்டாலும் வாய்விட்டுப் படிக்கும்போது அதே ஒலிதான். வகுப்பில் இதை எப்படிச் சொல்வது? உதவுங்கள்.

சென்னை, ஒளிப்பதிவு உதவியாளர்:

அக்கா, படப்பிடிப்பில் யாரும் வில்லை என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘வைடு போடு’, ‘டெலி எடு’, ‘ஒன் ஃபோர்ல ஓப்பன் பண்ணு’, அவ்வளவுதான். ‘வேகம்’ என்றால் எங்களுக்கு ஷட்டர் ஞாபகம் வரும், பழைய ஆட்களுக்கு ஃபிலிம் ஞாபகம் வரும். லென்ஸையும் அதே சொல்லால் அழைத்தால் மூன்று பொருளுக்கு ஒரு சொல் ஆகிவிடும். லென்ஸ் என்றே வைத்துவிட்டு முன்னால் வரும் சொல்லை மட்டும் தேடுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

தம்பி சொல்வது சரி. லென்ஸ் எங்கேயும் ஓடுவதில்லை. அது கூடுதல் ஒளியைத் தருவதால் ஒளிபடும் நேரத்தைக் குறைக்க முடிகிறது. அந்த விளைவை ஆங்கிலக்காரர் கருவியின் மேல் ஏற்றிச் சொன்னார்கள். ஜெர்மானியர் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் சொல் ‘லிஷ்ட்ஷ்டார்க்’, ஒளிவலிமை உடையது என்று பொருள். பிரெஞ்சுக்காரரும் ஒளியை வைத்தே சொல்கிறார்கள். நாம் ஏன் ஆங்கிலத்தின் ஆகுபெயரை இறக்குமதி செய்ய வேண்டும்?

என் முன்மொழிவு: ‘பெருங்கண் லென்ஸ்’. திறப்புக்குக் ‘கண்’ என்பது நம் பழைய வழக்கு. சல்லடைக்கண், வலைக்கண், தேங்காய்க்கண். செங்கோட்டைப் பக்கம் ரயில் போகும் பாலத்துக்குப் பதின்மூன்று கண் பாலம் என்று பெயர். ஒளி நுழையும் துளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கும்பகோணம், புலவர்:

கண் அழகுதான். ஆனால் தொல்காப்பியம் இன்னும் செறிவான ஒன்றைக் கொடுத்திருக்கிறது. உரியியலில் விரைவுக்குக் கதழ்வு, துனைவு என்று இரு சொற்கள் உண்டு. அவற்றை விடுங்கள். ‘கடி’ என்னும் உரிச்சொல்லைப் பாருங்கள். வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று எனப் பத்துப் பொருள். இந்த லென்ஸுக்கு வேண்டியவை எல்லாம் அதிலேயே இருக்கின்றன: விரைவு உண்டு, விளக்கம் என்ற ஒளி உண்டு, ஒளியின் மிகுதி உண்டு, படத்தின் கூர்மை உண்டு. ஆசிரியை கேட்ட மூன்றாம் சொல்லுக்கு வேண்டிய புதுமையும் உண்டு. ‘கடிவில்லை’ என்று துணிந்து வைக்கலாம். கடிமணம், கடிநகர் என்ற ஆட்சி இருக்கிறதே.

திருச்சி, ஆசிரியை:

ஐயா, சொல்லின் ஆழம் எனக்குப் புரிகிறது. பத்தொன்பது வயது மாணவன் ‘கடி’ என்றதும் பல்லைத்தான் நினைப்பான். ‘கடிவில்லை’ என்பது பேச்சில் ‘கடிக்கவில்லை’ என்றே விழும். உரிச்சொல்லை விளக்கவே ஒரு வகுப்பு போய்விடும். மன்னிக்கவும்.

டொராண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

வணக்கம். நாங்கள் படித்த பாடப்புத்தகத்தில் வில்லைதான் இருந்தது: குவிவு வில்லை, குழிவு வில்லை. நீங்கள் முப்பட்டகம் என்பதை நாங்கள் அரியம் என்போம். அதனால் லென்ஸ் என்றே வைத்துவிடுவோம் என்று தொடக்கத்திலேயே முடிவு கட்ட வேண்டாம். சந்தன வில்லை, மருந்து வில்லை என்று வட்டமான சிறு துண்டுக்கு வழங்கும் சொல் அது. லென்ஸ் என்ற சொல்லும் லத்தீனில் ஒரு பருப்பின் பெயர்தானே. அவர்கள் சமையலறையிலிருந்து எடுத்தார்கள், நாம் சந்தனக் கல்லிலிருந்து எடுத்தோம். இதில் எது தாழ்வு?

‘பெருங்கண்’ பற்றி ஒரு தடை. எஃப் எண் என்பது துளையின் அளவைக் காட்டாது. குவியத் தூரத்துக்கும் துளைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும். 24 மி.மீ. எஃப்/1.4 வில்லைக்கு நுழைதுளை 17 மி.மீ. அளவே. 200 மி.மீ. எஃப்/4 வில்லைக்கு 50 மி.மீ. உங்கள் சொற்படி இரண்டாவதுதான் பெருங்கண். ஆனால் அதை யாரும் ஃபாஸ்ட் என்று சொல்வதில்லை. அகலக்கோணம் பற்றிய இயலிலேயே இந்தச் சொல் பிழைபடும்.

மதுரை, இயற்பியல் ஆசிரியர்:

ஒப்புக்கொள்கிறேன். விகிதம் பற்றி நாற்பது ஆண்டு பாடம் நடத்திய நானே அதை மறந்து எழுதியிருக்கக் கூடாது. பெருங்கண்ணைத் திரும்பப் பெறுகிறேன். ‘ஒளிமிகு’ என்று வைப்போமா?

‘அகலக்கோணம்’ பற்றியும் சொல்ல வேண்டும். நம் சில நூல்களில் ‘விரிகோண லென்ஸ்’ என்று எழுதுகிறார்கள். கணக்கில் விரிகோணம் 90 பாகைக்கு மேற்பட்டது. 36-க்கு 24 மி.மீ. சட்டத்தில் 35 மி.மீ. லென்ஸின் மூலைவிட்டக் கோணம் சுமார் 63 பாகை, 28-க்கு 75, 24-க்கு 84. இவையெல்லாம் குறுங்கோணங்கள். 21 மி.மீ. வரும்போதுதான் 92 பாகையைத் தொட்டு உண்மையாகவே விரிகோணம் ஆகிறது. ஆகவே ‘அகலக்கோணம்’ பொதுப்பெயராகவும், 21-உம் அதற்குக் கீழும் ‘விரிகோணம்’ ஆகவும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு துல்லியம் நமக்குத் தானாகவே கிடைக்கிறது.

இந்த எல்லை வெறும் சொல்லழகுக்கு இல்லை. ஓரத்தில் விழும் ஒளி கோணத்தின் கொசைனின் நான்காம் மடிப்படி குறைகிறது. மொத்தக் கோணம் 90 பாகை என்றால் ஓரக்கதிர் 45 பாகையில் வரும். நடுவில் விழும் ஒளியில் கால் பங்குதான் மூலைக்குப் போகும். 1900-இல் ஜெர்மனியின் கோர்ட்ஸ் நிறுவனம் செய்த ஹைப்பர்கான் என்ற லென்ஸ் 130 பாகைக்கும் மேல் பார்த்தது. அதில் நடுவுக்கும் ஓரத்துக்கும் அவ்வளவு வேறுபாடு இருந்ததால், லென்ஸின் முன்னே விண்மீன் வடிவச் சிறு விசிறி ஒன்றை வைத்து, ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றால் சுழற்றி, நடுவின் ஒளியை மறைத்தார்கள். துளை எஃப்/22. அங்கிருந்து எஃப்/1.4-க்கு வர அறுபது ஆண்டு ஆயிற்று. மாணவர்களுக்கு அந்த விசிறியைக் கட்டாயம் சொல்லுங்கள் அம்மா.

சென்னை, ஒளிப்பதிவு உதவியாளர்:

ஐயா, அந்த விசிறி எனக்கே புதிது. நன்றி. ரெட்ரோஃபோக்கஸுக்கு என்ன செய்யலாம்?

மதுரை, இயற்பியல் ஆசிரியர்:

காரணத்தைப் பார்த்தால் பெயர் வரும். ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கருவியில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஆடி ஏறி இறங்க இடம் வேண்டும். நிக்கான் எஃப் கருவியில் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. அதில் 21 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட சமச்சீர் லென்ஸை வைத்தால் அதன் பின்பகுதி ஆடியில் இடிக்கும். நிக்கானின் பழைய 21 மி.மீ. எஃப்/4 அப்படித்தான்: ஆடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, தனி வியூஃபைண்டரை மேலே செருகிப் படமெடுக்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வாக முன்னால் குழிலென்சுத் தொகுதி, பின்னால் குவிலென்சுத் தொகுதி. டெலிஃபோட்டோ அமைப்பைத் திருப்பிப் போட்டதுபோல. அப்போது பின்வெளி, அதாவது லென்ஸின் பின்முனையிலிருந்து ஃபிலிம் வரையுள்ள இடைவெளி, குவியத்தொலைவைவிட நீளும். 1950-இல் பிரான்ஸின் பியேர் ஆஞ்செனியூ 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸை ‘ரெட்ரோஃபோக்கஸ்’ என்ற வணிகப் பெயரில் விற்றார். அந்தப் பெயரே இனப்பெயர் ஆயிற்று. கருத்து அவருக்கும் முந்தியது. 1931-இலேயே இங்கிலாந்தில் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் டெக்னிகலர் திரைப்படக் கருவிக்காக 35 மி.மீ. எஃப்/2 ஒன்றை இப்படிச் செய்தது. அங்கே இடம் கேட்டது ஆடி அல்ல, வண்ணத்தைப் பிரிக்கும் முப்பட்டகம்.

எனவே ‘எதிர்த்தொலைவில்லை’ என்று முன்மொழிகிறேன்.

கும்பகோணம், புலவர்:

தொலைவில்லை என்றால் தொலைவு இல்லை என்றும் பிரியும். தொலைவைக் காட்டும் கருவியின் பெயரே தொலைவை மறுக்கும். ‘வில்லை’யின் சிக்கல் இதுதான்: உகரத்தில் முடியும் பெயரோடும் சேர்ந்து மயக்கும், அகரத்தில் முடியும் எச்சத்தோடும் சேர்ந்து மயக்கும். வேக வில்லை, அகல வில்லை, விரிய வில்லை. ‘அகலக்கோண வில்லை’யும் தப்பாது. கோணு என்பது வினை. கோணவில்லை என்றால் வளையவில்லை. ‘கோண்’ என்றே ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது. ‘அகல்கோண் வில்லை’ என்றால் மயக்கம் நீங்கும்.

டொராண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

புலவர் ஐயாவின் இலக்கணம் எனக்கு உதவியாக இருக்கிறது. மயக்கம் வில்லையில் இல்லை, முன்வரும் சொல்லில் இருக்கிறது. ‘ஒளிமிகு வில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். மிகவில்லை என்று எவரும் கேட்க மாட்டார்கள். அப்படியானால் வில்லையை ஏன் தள்ள வேண்டும்?

இன்னொன்று. நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மிட்லன்ட் என்ற சிற்றூர் உண்டு. 1952-இல் லைக்கா கமராக்களைச் செய்த ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் அங்கே ஆலை திறந்தது. வில்லை வடிவமைப்பாளர் வால்டர் மண்ட்லர் அங்கிருந்துதான் வேலை செய்தார். 1961-இல் வந்த 35 மி.மீ. எஃப்/1.4 சுமிலக்ஸ் அந்த ஆலையின் பெருமை. லைக்கா எம் கமராவில் ஆடி இல்லை, வில்லை பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 27.8 மி.மீ. போதும், அதனால் அந்த வில்லை உள்ளங்கையில் மறையும் அளவு சின்னது. ஆடி உள்ள கருவிக்கு நிக்கான் 35 மி.மீ. எஃப்/1.4 செய்ய இன்னும் பத்தாண்டு போயிற்று. கேனன் 1975-இல் 24 மி.மீ. எஃப்/1.4 கொண்டுவந்தபோது கோளமல்லாத பரப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒளிமிகு, அகலக்கோண், பின்வெளி மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள். இந்த இழுபறியைக் காட்டாமல் சொற்களை மட்டும் பட்டியலிட்டால் மாணவர்களுக்கு ஏன் இத்தனை பெயர் என்று விளங்காது.

திருச்சி, ஆசிரியை:

இதை அப்படியே இயலின் முதல் பத்தியாக்கிக்கொள்கிறேன். அனுமதி உண்டா? மூன்றாவது சொல் இன்னும் நிற்கிறது. ‘முன்மாதிரி’ என்றே எழுதட்டுமா?

கும்பகோணம், புலவர்:

மாதிரி என்றால் அதைப் பார்த்துப் பின்னால் பல வர வேண்டும். பின்னால் ஒன்றுமே வராதது எப்படி மாதிரி ஆகும்? தேருக்கும் கப்பலுக்கும் ‘வெள்ளோட்டம்’ என்கிறோம். ‘வெள்ளோட்ட வில்லை’ நன்று.

சென்னை, ஒளிப்பதிவு உதவியாளர்:

புலவர் ஐயா சொன்ன வேறுபாடு உண்மையிலேயே தேவை. ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் நிறுவனத்தின் லென்ஸ் வடிவமைப்பாளர் வில்லி மெர்ட்டே 1930-களில் ஸ்ஃபேரோகான் என்ற மிக அகலமான லென்ஸ்களைச் செய்து பார்த்தார். அவை விற்பனைக்கு வரவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை சைஸின் லென்ஸ் தொகுப்பை எடுத்துக்கொண்டு போனது. அதில் இப்படிச் செய்து பார்த்த லென்ஸ்கள் நிறைய. இப்போது ஏலத்தில் ஒன்று வந்தால் சேகரிப்பவர்கள் மொய்க்கிறார்கள். இவை ஒரு வகை.

சைஸின் 50 மி.மீ. எஃப்/0.7 பிளானார் வேறு வகை. பத்து செய்தார்கள், ஆறு நாசாவுக்கு, மூன்று திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குக்கு. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே அவர் காட்சிகள் எடுத்தார். வேலைக்குப் போன லென்ஸை வெள்ளோட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலாவதற்குச் ‘சோதனைப் படி’, இரண்டாவதற்கு ‘அருந்தொகுதி’ என்று பிரிக்கலாமே.

மதுரை, இயற்பியல் ஆசிரியர்:

சோதனைப் படி, சரி. அருந்தொகுதி கொஞ்சம் கவிதை, ஆனால் இருக்கட்டும்.

திருச்சி, ஆசிரியை:

இன்று மாலை நான்கு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இறுதியாகச் சென்றவை: ‘ஒளிமிகு அகலக்கோண லென்ஸ்’, 21 மி.மீ.க்கும் அதற்குக் கீழும் ‘விரிகோண லென்ஸ்’, ‘ரெட்ரோஃபோக்கஸ்’ அப்படியே, முதல்முறை வரும்போது ‘பின்வெளி நீட்டிய அமைப்பு’ என்ற விளக்கத்தோடு, ‘சோதனைப் படி’. தனியே எழுதியவர்களையும் சேர்த்து நான்கு பேர் லென்ஸுக்கு, இருவர் வில்லைக்கு. வில்லையை விட்டதில் எனக்கும் வருத்தம்தான். மாணவர்கள் அடுத்த தாளில் ‘குவிலென்சு’ என்று படிக்கிறார்கள், அதோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஹைப்பர்கானின் விசிறிக்குப் படமும் வரைந்து சேர்த்திருக்கிறேன்.

டொராண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

வாழ்த்துகள். பிள்ளைகள் படிப்பதுதான் முக்கியம். ஆனால் என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். ‘ஒளிமிகு வில்லை’யில் மயக்கம் இல்லை என்று நான் எழுதியதற்கு இதுவரை ஒருவரும் விடை சொல்லவில்லை. பாடநூல் வழக்கு என்பது உங்கள் பக்கத்துக் காரணம்; எங்கள் பக்கத்தில் அதே காரணம் வில்லைக்குத்தான் நிற்கிறது. நான் எழுதும்போது வில்லை என்றே எழுதுவேன்.

கும்பகோணம், புலவர்:

நானும். ‘அகல்கோண் வில்லை’ என்று.