கொக்கிளாய் தொடக்கம் முல்லைத்தீவு வரை கரையோர நடை

கேள்வி
ஆவணியில் ரெண்டு நாளாய், கடற்கரையாலேயே நடக்க யோசினை. தண்ணி எவ்வளவு காவவேணும்? வழியில வாற நாயாற்று முகத்துவாரத்தை, களப்பு கடலோட சேருற வாயை, இறங்கிக் கடக்கலாமோ?

பதில் 1
ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர். கரையோரக் கிணறுகள் ஆவணியில் உவர்க்கத் தொடங்கும், அதுகளை நம்பாதேங்கோ. வழியில வாற செம்மலை, அளம்பில் ஊர்க் கடைகளில் திரும்ப நிரப்பலாம். விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு 10 மணியோட நிப்பாட்டி, பின்னேரம் 3க்குப் பிறகு நடவுங்கோ. அலை நனைச்ச இறுகின மணலில்தான் நடக்கவேணும். காய்ஞ்ச மணல் காலை உள்ள இழுக்கும். ஆனா அந்த ஈரக்கரை கடல் பக்கம் சரிவு. வடக்கு நோக்கிப் போகேக்க வலது கால் எப்பவும் பள்ளத்தில, அதால முழங்கால் பிடிக்கும். இடைக்கிடை றோட்டில ஏறி நடந்தால் சரிவரும்.

பதில் 2
நாயாற்றில பாலம் இருக்கு, பிறகேன் இறங்குவான்? மணல்திட்டு மூடிக் கிடந்தாலும் விளிம்பு பொசுக்கெண்டு இடியும். வாய் திறந்திருந்தால் களப்புத் தண்ணி கடலுக்கு இழுக்கும், இடுப்பளவே ஆளைச் சாய்க்கக் காணும்.

பதில் 3
கரைவலை இழுக்கிற இடத்தில வலைக் கயிறைத் தாண்டாதேங்கோ. மணலில தளர்ந்து கிடக்கிறது சட்டெண்டு இறுகி எழும்பும். இழுக்கிற ஆக்களுக்குப் பின்னால சுத்திப் போங்கோ.

ஒதுங்கவெண்டு பத்தைக்குள்ள போறதும் வேண்டாம். மிதிவெடி எண்டு எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெண்டாலும் சனம் நடக்கிற தடத்தை விட்டு விலகாதேங்கோ. வெள்ளம் மிதிவெடியை இடம் மாத்தும்.

கேள்வி கேட்டவர்
மார்கழிக்குத் தள்ளினால் வெயில் குறையுமே?

பதில் 1
மார்கழி வாடைக்காத்தில கடல் கரையையே தின்னும், நடக்க மணல் மிஞ்சாது. பங்குனி திறம்.