ஓவர்கிளாக் (பிராசசர் வேகத்த ஏத்துறது) பண்ணதுக்கு அப்புறம் கேம் இன்னும் மோசமா ஓடுது, யாராச்சும் பாருங்களேன்

வணக்கம் மக்களே, என் பிசில ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு. போன வாரம் எல்லா கோரையும் 4.2 கிகாஹெர்ட்ஸ்ல வச்சு வோல்டேஜ் 1.35 குடுத்தேன், முதல் பத்து நிமிஷம் கேம் 110 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 110 ஃப்ரேம்) பறக்குது, அப்புறம் பொசுக்குனு 45க்கு விழுந்து மாட்டு வண்டி மாதிரி நகருது. பிராசசர் டெம்பரேச்சர் பாத்தா 95 டிகிரி தொடுது, அந்த நேரம் அதோட கிளாக் ஸ்பீடு தானா எறங்கிடுது, கிராபிக்ஸ் கார்டு 65 டிகிரிதான், பாதி கூட வேலை செய்யல. கூலர் பிராசசர் டப்பாவுல வந்த அதேதான் (திட்டாதீங்க), தெர்மல் பேஸ்ட் (பிராசசர் சூட்ட கூலருக்கு கடத்துறது) மாத்தி மூணு வருஷமாச்சு, மதுரை வெயில் வேற. சைடு பேனல கழட்டி டேபிள் ஃபேன் வச்சா 85ல நிக்குது, ஆனா அம்மா ஃபேன தூக்கிட்டுப் போயிடுறாங்க. பேஸ்ட் மட்டும் மாத்துனா போதுமா, டவர் கூலர் (உயரமான பெரிய கூலர்) வாங்கணுமா, இல்ல ஓவர்கிளாக்கையே எடுத்துடவா? பட்ஜெட் 2000 ரூபாதான்ணா.